குதிரையின் வயிற்றுக்குள் ஒரு விருந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ரோம் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, போன அக்டோபரில் நானும் என் மனைவியும் நடந்த தெருக்கள் நம் பத்திரிகையில் வந்திருக்கின்றனவே என்ற மகிழ்ச்சியில். இரண்டாம் முறை, கையில் பேனாவோடு. பியாட்சா வெனேசியா சதுக்கத்தில் நிற்கும் விட்டோரியானோ என்ற பெரிய வெள்ளை நினைவுச் சின்னத்துக்கு உங்கள் கட்டுரையாளர் ஐந்தே வரிகள் ஒதுக்கியிருக்கிறார். அந்த ஐந்தில் ஒன்று தவறு, ஒன்று நகைச்சுவை. மற்ற மூன்றும் எங்கே நின்று படம் எடுத்தால் நன்றாக விழும் என்ற யோசனை.

தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சின்னம் அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலின் நினைவாகக் கட்டியதுதான்; ஆனால் உங்கள் கட்டுரை சொல்வதுபோல் அவர் உடல் அங்கே இல்லை. இத்தாலியை ஒன்றாக்கியவர்கள் என்று பள்ளியில் மாஜினி, கவூர், கரிபால்டி பெயர்களை மனப்பாடம் செய்தோமே, அந்த வரிசையின் கடைசியில் வரும் அரசர் இவர்தான். 1861 மார்ச் 17 அன்று ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் அரசராக அறிவிக்கப்பட்டவர். முதல் அரசருக்கு எப்படி ‘இரண்டாம்’ என்ற அடைமொழி என்று கேட்பீர்கள். தம் பழைய சார்டீனிய அரசின் கணக்கை அவர் கைவிடவில்லை, அவ்வளவுதான். 1878 ஜனவரியில் இறந்தார். பாந்தியன் என்னும் பழைய வட்டக் கோயிலில் அடக்கம் செய்தார்கள். சதுக்கத்திலிருந்து பொடிநடையாகப் போனால் கால் மணி நேரம். விட்டோரியானோவில் அடக்கமாகியிருப்பவர் வேறொருவர். அவரிடம் பிறகு வருகிறேன்.

நகைச்சுவை, ‘கல்யாணக் கேக்’ என்பது. அது உங்கள் கட்டுரையாளர் சொன்னது அல்ல. ரோம் நகரத்தார் நூறு ஆண்டுகளாகச் சொல்லிவருவது. தட்டச்சு இயந்திரம் என்றும் சொல்கிறார்கள். ரோமில் என் மகள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அம்மாள் அதைப் ‘பல்செட்’ என்றார். மூன்றில் அதுதான் பொருத்தம் என்று எனக்குப் பட்டது. ரோமின் பழைய கட்டடங்கள் பலவற்றில் டிராவர்டைன் என்ற உள்ளூர்க் கல்லைப் பார்க்கலாம். வெயில் பட்டால் பழுத்த எலுமிச்சையின் நிறம் காட்டும். விட்டோரியானோவுக்கு மட்டும் வடக்கே பிரேசியா பக்கத்திலிருந்து பொத்திச்சீனோ என்ற வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்தார்கள். அது வெள்ளையாகவே இருக்கிறது. பதினொரு மணி வெயிலில் நிமிர்ந்து பார்க்க முடியாமல் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

அகலம் 135 மீட்டர், உயரம் 70 மீட்டர். உச்சியில் நிற்கும் இரண்டு தேர்களையும் சேர்த்தால் 81. கட்டுவதற்கு நடந்த முதல் போட்டியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வென்றுவிட்டார். நம் அரசருக்கு அயல்நாட்டான் வரைந்த நினைவுச் சின்னமா என்று பெரிய கூச்சல். மறுபடியும் போட்டி வைத்து, ஜுசெப்பே சக்கோனி என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1885இல் அடிக்கல், 1911 ஜூன் 4இல் திறப்பு விழா. சக்கோனி 1905இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். திறந்த பிறகும் வேலை ஓயவில்லை. எல்லாம் முடிய 1935 ஆயிற்று. இடம் வேண்டும் என்பதற்காகக் குன்றின் சரிவில் இருந்த மடம், கோபுரம், இடைக்கால வீடுகள் என்று ஒரு பேட்டையையே இடித்தார்கள். ரோம்காரர்களின் எரிச்சலுக்குக் கல்லின் நிறம் மட்டும் காரணம் இல்லை.

இவையெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்கும். நான் கடிதம் எழுத உட்கார்ந்தது குதிரைக்காக.

நான் கோவை கணபதியில் ஒரு பவுண்டரியில், அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் ஆலையில், 36 ஆண்டுகள் வேலை பார்த்தவன். மண் சலிக்கும் பையனாகச் சேர்ந்தேன், மண்ணில் அச்சுப் பிடிக்கும் மோல்டர் ஆனேன், மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். பம்பு உறை, மோட்டார் உடல், வால்வு என்று ஆயிரக்கணக்கில் வார்த்திருக்கிறோம். என் கையில் வந்ததிலேயே பெரிய உருப்படி ஒரு லேத் இயந்திரத்தின் படுகை. நாலரை டன். அதைக் கொட்டிய இரவு எங்களில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பிளந்துவிடுமோ என்ற பயத்தில் விடியும்வரை அச்சுப் பெட்டியைச் சுற்றியே உட்கார்ந்திருந்தோம்.

விட்டோரியானோவின் நடுவில் அரசர் ஏறியிருக்கும் வெண்கலக் குதிரை 50 டன். உயரம் 12 மீட்டர், நீளம் 10 மீட்டர். அரசரின் மீசை மட்டும் ஒரு மீட்டர் நீளம் என்கிறார்கள். சதுக்கத்தில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்; சுற்றிலும் தடுப்பு வேலி. அந்த வேலியோரம் நின்று நான் அரை மணி நேரம் குதிரையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். “எல்லாரும் ராஜாவைப் பார்க்கிறார்கள், நீங்கள் என்னங்க குதிரையின் அடிவயிற்றைப் பார்க்கிறீர்கள்?” என்று என் மனைவி கேட்டாள். “உள்ளே கோர் எப்படி வைத்தார்கள் என்று பார்க்கிறேன்” என்றேன். “உங்களோடு ரோமுக்கு வந்தாலும் பவுண்டரிக்கு வந்த மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு நிழல் தேடிப் போய்விட்டாள்.

வாசகர்களுக்காக இரண்டு வரி. உள்ளே வெற்றிடமாக இருக்க வேண்டிய வார்ப்புக்கு, அச்சின் நடுவில் மண்ணால் ஒரு கருவைச் செய்து வைப்போம். அதுதான் கோர். உருகிய உலோகம் அச்சுக்கும் கருவுக்கும் இடையே உள்ள சந்தில் ஓடி உறைய வேண்டும். கரு ஒரு விரற்கடை நகர்ந்தாலும் ஒரு பக்கச் சுவர் தடித்துவிடும், மறுபக்கம் அப்பளமாகிவிடும். எவ்வளவு திறமை இருந்தாலும் இத்தனை பெரிய குதிரையை ஒரே கொட்டில் வார்க்க முடியாது. துண்டு துண்டாக வார்த்து, ஒன்றோடொன்று பொருத்தி, மூட்டுத் தெரியாமல் செதுக்கித் தேய்க்க வேண்டும். நான் மூட்டைத் தேடினேன். தரையிலிருந்து என் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அந்த வெண்கலம் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவையானது. இத்தாலியப் படையின் பழைய பீரங்கிகளை உருக்கி எடுத்தது. கோவை பவுண்டரிகளில் பம்பு புஷ் வார்க்கும் உலோகத்தைக் கன்மெட்டல் என்போம். 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம்; கடையில் கேட்டாலும் இதே கணக்கைத்தான் சொல்வார்கள். கன்மெட்டல் என்றால் பீரங்கி உலோகம் என்று பொருள். 36 ஆண்டுகள் அந்தச் சொல்லை வாயில் வைத்திருந்தும், ஒரு நாள்கூட நான் பீரங்கியை நினைத்ததில்லை. ரோமில் ஒரு குதிரைக்குக் கீழே நின்றபோதுதான் நினைத்தேன்.

சிலையை வடிக்கத் தேர்வானவர் என்ரிகோ கியாராதியா. முடிப்பதற்குள் 1901இல் இறந்துபோனார். எமிலியோ கல்லோரி என்ற சிற்பி எடுத்து முடித்தார். வார்த்தது ஆற்றுக்கு அக்கரையில் திராஸ்தேவெரே பகுதியில் இருந்த பாஸ்தியானெல்லி வார்ப்பட ஆலை. வேலை முடிந்தது. 1911 திறப்பு விழாவுக்கு முன்னால், குதிரையின் வயிற்றுக்குள் மேசை போட்டு விருந்து வைத்தார்கள். சுமார் இருபது பேர் உள்ளே உட்கார்ந்து வெர்மூத் என்ற மதுவைக் குடித்திருக்கிறார்கள். அதைப் படமும் எடுத்துவைத்திருக்கிறார்கள். மகள் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினாள். ஒடுங்கிய நீள மேசை, இரு பக்கமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆட்கள், மேசைமேல் புட்டிகள், அவர்களுக்குப் பின்னால் வளைந்து ஏறும் உலோகச் சுவர். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். மேலே அரசர் ஏறி உட்காரும் இடத்துக்கு நேர் கீழே இவர்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஆசிரியர் அவர்களே. ஆட்களை அல்ல, சுவரை. வார்ப்பின் வெளிப்பக்கத்தை அரம் போட்டு, உப்புத்தாள் போட்டு, மெருகேற்றி எப்படி வேண்டுமானாலும் காட்டலாம். உள்பக்கத்தை யாரும் தேய்ப்பதில்லை. கரு எப்படி உட்கார்ந்தது, உலோகம் எங்கே திணறியது, எல்லாம் அங்கே அப்படியே இருக்கும். எங்கள் ஆலையில் ஒரு பெரிய உறையின் உள்ளே இறங்கிக் கருகிய மண்ணைச் சுரண்டுகிற வேலைக்கு ஒல்லியாக இருந்த என்னைத்தான் இறக்குவார்கள். பத்தொன்பது வயது இருக்கும். உள்ளே இன்னும் சூடு ஆறியிருக்காது. ஒரு மழை நாளில் ஆலைக் கூரை ஒழுக ஆரம்பித்ததும் இன்னும் இரண்டு பேர் உள்ளே குதித்துவிட்டார்கள். வெளியிலிருந்து ஒருவர் தேநீர்த் தம்ளர்களை எட்டிக் கொடுத்தார். மூன்று பேரும் அந்த உறைக்குள் முட்டியை மடக்கி உட்கார்ந்து குடித்தோம். பேசினால் குரல் கோயில் மணிக்குள் பேசுவதுபோல் சுற்றி வந்தது. எங்களை யாரும் படம் எடுக்கவில்லை.

உங்கள் கட்டுரையாளரிடம் எனக்கு வருத்தம் இதுதான். அரசரின் பெயரை எழுதினார், அவர் பெயரைத் தப்பில்லாமல்தான் எழுதினார். வார்த்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. தஞ்சைக் கோயிலைப் பற்றி எழுதும்போதும் நாம் இதையேதான் செய்கிறோம் என்று என் மகள் இடையில் ஒரு வாதம் வைத்தாள். அங்கே தலைமைத் தச்சரின் பெயரைக் கல்வெட்டிலேயே பொறித்திருக்கிறார்கள் என்று அவளுக்கு நினைவூட்டினேன். அவள் விடவில்லை, அது வேறு கடிதம்.

இப்போது அடக்கமாகியிருக்கும் அந்த ‘வேறொருவர்’. என் மனைவிக்கு முழங்கால் வலி. நிழல் தேடிப் போனவள் படிக்கட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். உடனே மேலேயிருந்து விசில். காவலர் ஒருவர் எழுந்திருக்கும்படி கையைக் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை படிகளைக் கட்டி வைத்துவிட்டு, ஒரு வயதான பெண்மணியை ஒரு படியில் உட்கார விடமாட்டார்களா என்று தமிழிலேயே சத்தம் போட்டேன். மகள் என் கையைப் பிடித்து, “அப்பா, அது சமாதி” என்றாள்.

முதல் உலகப் போரில் இறந்த, அடையாளம் தெரியாத ஒரு சிப்பாயின் சமாதி. 1921இல் போர்முனைகளிலிருந்து பெயர் தெரியாத பதினோரு உடல்களைத் தோண்டியெடுத்து, வடகிழக்கே அக்விலேயா ஊர்த் தேவாலயத்தில் பதினோரு பெட்டிகளாக வைத்தார்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மரியா பெர்காமாஸ் என்ற தாயை அழைத்தார்கள். அவருடைய மகன் அந்தோனியோ பிறந்த ஊர் அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. அவர் அந்தப் படையிலிருந்து ஓடிவந்து, வேறு பெயரில் இத்தாலியப் படையில் சேர்ந்து போரிட்டு, 1916இல் இறந்தார். உடல் கிடைக்கவில்லை. அக்டோபர் 28 அன்று அந்த அம்மாள் பெட்டிகளின் வரிசையில் நடந்துகொண்டே வந்தார். ஒரு பெட்டியின் முன்னால் கால் ஓடவில்லை. மகனின் பெயரைச் சொல்லிக் கதறி விழுந்தார். அந்தப் பெட்டியையே எடுத்தார்கள். ரயிலில் ஏற்றி, ஊர் ஊராக நிறுத்தி, மெதுவாக ரோமுக்குக் கொண்டுவந்து, நவம்பர் 4 அன்று குதிரைக்குக் கீழே வைத்தார்கள். மீதிப் பத்துப் பேரும் அக்விலேயாவிலேயே இருக்கிறார்கள். பிற்காலத்தில் மரியா இறந்தபோது அவரையும் அந்தப் பத்துப் பேரோடுதான் அடக்கம் செய்தார்கள்.

காவலர் விசில் ஊதியதில் தவறில்லை என்று அதன் பிறகு எனக்குப் பட்டது. இரு பக்கமும் அணையாத தீ எரிகிறது, இரண்டு சிப்பாய்கள் இமை கொட்டாமல் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு என் பேரன் வயதுதான் இருக்கும். மனைவி எழுந்து, செருப்பைக் கழற்றப் போனாள். மகள் வேண்டாம் என்று தடுத்தாள்.

அரச குடும்பம் என்ன ஆயிற்று என்றும் உங்கள் கட்டுரையில் இல்லை. 1911இல் இந்தச் சின்னத்தைத் திறந்துவைத்தவர் அரசரின் பேரன், மூன்றாம் விக்டர் இம்மானுவேல். அவர் காலத்தில்தான் எதிரே இருக்கும் வெனேசியா மாளிகையின் மாடத்தில் நின்று 1940 ஜூன் 10 அன்று முசோலினி போர் அறிவித்தார். போர் முடிந்து, 1946 ஜூன் 2 அன்று மக்களிடமே கேட்டார்கள்: அரசரா, குடியரசா? குடியரசுக்கு 1 கோடியே 27 லட்சம் வாக்கு, அரசருக்கு 1 கோடியே 7 லட்சம். கொள்ளுப்பேரன் இரண்டாம் உம்பர்ட்டோ நாட்டைவிட்டுப் போனார். அந்தக் குடும்பத்து ஆண் வாரிசுகள் இத்தாலிக்குள் காலடி வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். அந்தத் தடை நீங்கியது 2002இல்தான். ஆனால் குதிரையை யாரும் இறக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 2 அன்று குடியரசுத் தலைவர் வந்து சிப்பாயின் சமாதியில் மலர்வளையம் வைக்கிறார். அரசாட்சியை வேண்டாம் என்று சொன்ன நாளைக் கொண்டாடுகிற அந்த விழா, அரசரின் குதிரைக் குளம்புக்குக் கீழேயே நடக்கிறது. அந்தச் சிப்பாய் அங்கே இல்லாதிருந்தால் குதிரை தப்பியிருக்குமா என்பது என் சந்தேகம்.

மறுநாள் பாந்தியனுக்குப் போனோம். நாங்கள் போனபோது ஐந்து யூரோ கட்டணம். மேலே திறந்த வட்டத்தின் வழியாக வெயில் உள்ளே இறங்கிச் சுவரில் நகர்கிறது. வலப் பக்க மாடத்தில் அரசர். ‘தாய்நாட்டின் தந்தை’ என்று எழுதியிருக்கிறது. கிட்டத்தட்ட எதிரே அவருடைய மகன் முதலாம் உம்பர்ட்டோ. ஓவியர் ரபேலும் அங்கேதான். கூட்டம் அரசரைவிட ரபேலிடம் அதிகம்.

வெளியே வந்து முகமண்டபத் தூண்களுக்கு நடுவில் நின்றபோதுதான் மகள் அந்தச் செய்தியைச் சொன்னாள். அந்த மண்டபத்தின் கூரையை ஒரு காலத்தில் தாங்கியவை வெண்கல உத்தரங்கள். பதினேழாம் நூற்றாண்டில் பார்பெரினி குடும்பத்தைச் சேர்ந்த போப் எட்டாம் உர்பான் அவற்றைக் கழற்றி உருக்கச் செய்தார். பெரும் பகுதி சான் ஆஞ்சலோ கோட்டைக்குப் பீரங்கிகளாகப் போயிற்று. காட்டுமிராண்டிகள் செய்யாததைப் பார்பெரினி செய்தார் என்று அந்த நாளிலேயே ஊர் பழித்ததாம். நான் அண்ணாந்து பார்த்தேன். இப்போது இருப்பது மரம்.

அரசர் படுத்திருக்கும் கோயிலின் வெண்கலம் பீரங்கியாயிற்று. பீரங்கியின் வெண்கலம் அவர் ஏறியிருக்கும் குதிரையாயிற்று. கழிவு உலோகம் வாங்கி உருக்கியே பிழைத்த எனக்கு இதைக் கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது. எங்கள் உலையில் பழைய பம்பு வால்வும் குழாயும் ஒடிந்த குத்துவிளக்கும் ஒன்றாகத்தான் விழும். எது எதுவாக வரும் என்று அதற்குத் தெரியாது.

ஆகவே என் வேண்டுகோள். அரசர் பாந்தியனில் இருக்கிறார் என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். குதிரையை வார்த்த ஆலையின் பெயரையும் அதோடு சேர்த்துவிடுங்கள். படம் எடுக்க எங்கே நிற்பது என்று சொல்லும்போது, படியில் உட்காராதீர்கள் என்றும், ஏன் என்றும் சொல்லுங்கள். நம்மவர்கள் அங்கே நிறையப் போகிறார்கள். என்னைப்போல் தமிழில் சத்தம் போட வேண்டாம்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாது என்றால் மனைவியின் முழங்கால் வலியை வெட்டிவிடுங்கள். அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வயிற்றுக்குள் உட்கார்ந்த அந்த இருபது பேரை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற வார்ப்பட மேற்பார்வையாளர்,
கணபதி, கோவை.